இயேசு சபையின் ஒழுங்கும் தமிழ்ப்பணியும்: முத்துக்குளித்துறை முதல் சிங்கப்பூர் வரை

முன்னுரை

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள கிளமெண்டி, 1970களில் உருவாக்கப்பட்ட புதுநகர்களுள் ஒன்றாகும். இந்நகரின் அவென்யூ 1இல் 1980ஆம் ஆண்டில் எழுந்த கத்தோலிக்கத் திருச்சிலுவை ஆலயம் உள்ளது. கிளமெண்டி சாலையில் அமைந்துள்ள சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழியும் இலக்கியமும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. இவ்விரண்டு நிறுவனங்களுள் எதுவும் இயேசு சபையைச் சார்ந்ததன்று. எனினும், தமிழ்க் கத்தோலிக்கர் வழிபாட்டில் வழங்கும் சொற்களின் பிறப்பைத் தேடினாலும், தமிழ் மாணவர் ஒருவர் அகராதிக் கலையின் தொடக்கத்தைத் தேடினாலும், இருவழியும் 1540ஆம் ஆண்டு உரோமையில் ஏற்பளிக்கப்பட்ட ஒரே துறவற சபையிடம் சென்று சேர்கின்றன.

இச்சபையாரின் தமிழ்ப்பணி பற்றி நம்மிடையே நூல்களும் கட்டுரைகளும் பல உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை வீரமாமுனிவர், தத்துவ போதகர் முதலிய தனி அறிஞர்களின் புகழைக் கூறுவனவாக அமைந்துள்ளன. அவ்வறிஞர்களை ஊருக்கு அனுப்பியதும், கற்குமாறு பணித்ததும், எழுதியதைப் பாதுகாத்ததும், சில வேளைகளில் தடுத்ததும் ஒரு சபையின் ஒழுங்கேயாகும். அவ்வொழுங்கைக் கொண்டு நோக்கினாலன்றி, அப்பணியின் பெருமையும் குறையும் ஒருசேர விளங்கமாட்டா என்பது நம் கருத்தாகும். இக்கருத்தை வரலாற்றுச் சான்றுகளின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறவற சபை: பொருளும் அமைப்பும்

கத்தோலிக்கத் திருச்சபையில் துறவற சபை என்பது ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளால் தம்மைப் பிணைத்துக்கொண்டவர்கள் ஒரு பொது விதியின்கீழ் வாழும் கூட்டமைப்பாகும். புனித பெனடிக்டின் விதியைப் பின்பற்றுவோர் ஒரே மடத்தில் நிலைத்திருந்து, குறித்த வேளைகளில் கூடி இறைவேண்டல் பாடுவதைத் தம் வாழ்வின் நடுவாகக் கொண்டனர். பிரான்சிசுக்கன், தொமினிக்கன் சபையார் மடத்தைவிட்டு நகரத் தெருக்களில் இறங்கிப் போதித்தனர்.

லொயோலா இஞ்ஞாசியார் 1534ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பாரிசின் மொன்மார்த்ரில் ஆறு தோழர்களுடன் சேர்ந்து எடுத்த உறுதிமொழியே இயேசு சபையின் வித்தாகும். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1540 செப்டம்பர் 27ஆம் நாள் இச்சபைக்கு ஏற்பளித்தார். இதற்கெனத் தனித்த துறவாடை வகுக்கப்படவில்லை; உறுப்பினர் ஒருங்கே கூடி இறைவேண்டல் பாடும் கடமையும் விதிக்கப்படவில்லை. மூன்று வார்த்தைப்பாடுகளோடு, திருத்தந்தை எங்கு அனுப்பினும் செல்வோம் என்னும் நான்காவது வார்த்தைப்பாடும் இச்சபையில் சேர்க்கப்பட்டது. மடத்தில் நிலைத்திருத்தலுக்கு மாறாக, அனுப்பப்படுதலே இச்சபையின் அடையாளமாயிற்று.

இவ்வாறு உலகெங்கும் சிதறியிருப்போரை ஒன்றாகப் பிணைத்தது கடிதமேயாகும். ஒவ்வொருவரும் தம் தலைவருக்குத் தம் பணியைக் குறித்து எழுத வேண்டும் என்பது சபையின் நெறியாக இருந்தது. மிஷன் ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டு மடல்கள் உரோமைக்குச் சென்றன. அக்காலத்துத் தமிழக வரலாற்றை எழுதுவோர்க்கு நாயக்கர் ஆட்சி, போர், பஞ்சம் ஆகியன பற்றிய செய்திகளை இம்மடல்கள் இன்றும் வழங்குகின்றன. அனுப்பப்படுதல், கீழ்ப்படிதல், எழுதுதல் ஆகிய மூன்றையும் நினைவிற்கொண்டே அடுத்து வருவனவற்றை நாம் நோக்க வேண்டும்.

முத்துக்குளித்துறையில் தொடங்கிய மொழிப்பயிற்சி

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-37 ஆண்டுகளிலேயே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்தம் மொழியில் கற்பிப்பார் இல்லை. 1542இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார் தமிழை ஆழ்ந்து கற்றாரல்லர். தமிழும் போர்த்துகீசியமும் அறிந்த உள்ளூரார் சிலரின் துணையோடு செபங்களையும் கட்டளைகளையும் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தோறும் சென்று சிறுவரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இச்செய்தியை 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே குறித்துள்ளார். அத்தமிழாக்கத்தைச் செய்தோரின் பெயர்கள் அவருடைய பெயரைப்போல வரலாற்றில் நிலைபெறவில்லை என்பதை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும்.

அவரைத் தொடர்ந்து வந்த அன்றீக் அன்றீக்கசு (1520-1600) அரை நூற்றாண்டுக் காலம் இக்கடற்கரையிலேயே உழைத்தார். தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய தொடக்ககால இலக்கணக் குறிப்பு அவருடையதாகும். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே உடைய சிறுநூல். எனினும் இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சாகி இன்றும் கிடைக்கும் நூல்களுள் அதுவே முதலாவது என்பர். 1579இல் ‘கிரிசித்தியானி வணக்கமும்’ 1586இல் ‘அடியார் வரலாறும்’ வெளிவந்தன. இவ்வச்சுப்பணிக்குப் பரதவர் பொருளுதவி செய்தனர். ஆகவே, தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்தைச் சபையின் கொடையாக மட்டும் கூறுதல் பொருந்தாது; முத்துக்குளித்து ஈட்டிய பரதவரின் பொருளும் அதில் சேர்ந்துள்ளது.

அன்றீக்கசின் வாழ்வில் மற்றுமொரு செய்தி கருதத்தக்கது. அவர் யூத மரபில் வந்தவர். அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, 1593இல் கூடிய இயேசு சபையின் ஐந்தாம் பொதுப்பேரவை, யூத, இசுலாமிய மரபில் வந்தோரைச் சபையில் சேர்க்கலாகாது என்று விதித்தது. பின்னர் ஓரளவு தளர்த்தப்பட்ட அவ்விதி 1946இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. சபையின் முதல் தமிழறிஞரே அவ்விதிக்குப் பின் பிறந்திருந்தால் சபைக்குள் நுழைந்திருக்க முடியாது. இந்தியரைச் சேர்ப்பதிலும் இதே தயக்கம் காணப்பட்டது. கொல்லத்தைச் சேர்ந்த பேரோ லூயிசு (இறப்பு 1596) முதல் இந்திய இயேசு சபைத் துறவியாகக் கருதப்படுகின்றார். அவருக்குப் பின் அவ்வழி நெடுங்காலம் திறக்கப்படவில்லை. பிறப்பைக் கொண்டு மனிதரைப் பிரிக்கும் வழக்கத்தை இச்சபை தமிழகத்தில்தான் முதன்முதலாகச் சந்தித்தது என்று கொள்வதற்கில்லை என்பது இதனால் புலனாகும்.

மதுரையும் பிறப்பு வேறுபாடும்

இராபர்ட் தெ நொபிலி 1606ஆம் ஆண்டு மதுரையை அடைந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் மூத்த துறவி அங்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிந்துகொண்டிருந்தார். மதுரை மக்களுட் பலர் கிறித்தவத்தைப் ‘பரங்கியர் மார்க்கம்’ எனக் கருதி விலகி நின்றனர். நொபிலி காவியுடுத்து, புலாலுணவை விடுத்து, தனி இல்லத்தில் துறவியாக வாழ்ந்தார். தமிழோடு வடமொழியையும் கற்று, தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். ‘ஞானோபதேசம்’ முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். செய்யுளே மேலோங்கியிருந்த காலத்தில், சமயத் தருக்கத்தை விரிவான உரைநடையில் எழுதியமை தமிழுக்குப் புதிய துறையொன்றைத் திறந்தது எனலாம்.

அவருக்கு எதிர்ப்பு முதலில் சபைக்குள்ளிருந்தே எழுந்தது. பெர்னாண்டசு மேலிடத்திற்கு முறையிட்டார். 1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பேராயர் உட்படப் பலர் நொபிலியைக் கண்டித்தனர். இறுதியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 சனவரி 31ஆம் நாள் விடுத்த ஆணையால் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைச் சில வரையறைகளுடன் அணிய இசைவளித்தார்.

நொபிலியின் நெறி தமிழ்ப் பண்பாட்டை மதித்த நெறி என்று போற்றப்படுகின்றது. அது உண்மையே. ஆனால் அவர் மதித்து ஏற்றவற்றுள் சாதியொழுக்கமும் ஒன்றாக இருந்தது. உயர்குலத்தார் அணுக வேண்டுமெனில் அவர் தாழ்த்தப்பட்டோரிடமிருந்தும் பெர்னாண்டசிடமிருந்தும் விலகியிருக்க வேண்டியதாயிற்று. இவ்விடரைத் தீர்க்க 1640இலிருந்து பண்டாரசுவாமிகள் என்னும் மற்றொரு பிரிவு உருவாயிற்று. பல்தசார் ட கோசுடா இதன் முதல்வர். இவர்கள் சைவப் பண்டாரங்களைப் போன்ற கோலத்தில் எளிய மக்களிடையே சென்றனர். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் கொலையுண்ட அருளானந்தரும் இவ்வழியில் வந்தவரே.

இவ்வாறு ஒரே சபையைச் சேர்ந்தோர் மக்களின் பிறப்புக்கேற்ப இருவகையாகப் பிரிந்து பணியாற்றினர். 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டு மலபார்ச் சடங்குகள் பற்றிய விவாதத்தை முடித்துவைத்த ஆணையிலும், தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குருக்களை அமர்த்தலாம் என்னும் சபையாரின் வேண்டுகோள் ஏற்கப்பட்டது. கீழ்ப்படிதலுக்குப் பெயர்பெற்ற சபை, உரோமையின் ஆணைக்கும் ஊரின் வழக்கத்திற்கும் இடையே இவ்வாறு ஓர் உடன்பாட்டைத் தேடிற்று. அவ்வுடன்பாட்டின் சுமையைத் தாங்கியவர்கள் தேவாலயத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட மக்களே ஆவர்.

அகராதியும் இலக்கணமும்: தொடர்ச்சியின் பயன்

இனி, சபையொழுங்கின் நற்பயனை நோக்குவோம். அகராதி என்பது ஒருவர் வாழ்நாளில் முற்றுப்பெறுவது அரிது. ஆன்டம் தெ புரொயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி, அவர் 1666இல் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. தொகுத்தவர் மறைந்த பின்னும் அவர்தம் ஏடுகளைக் காத்து அச்சேற்றும் அமைப்பு இல்லாதிருந்தால் இந்நூல் நமக்குக் கிடைத்திராது.

1680இல் இத்தாலியின் காசுடிலியோனேயில் பிறந்து 1711இல் தமிழகத்தில் பணி தொடங்கிய பெசுகி என்னும் வீரமாமுனிவரும் இத்தொடர்ச்சியில் வந்தவரே. 1726இல் நிறைவுற்ற ‘தேம்பாவணி’ 3615 பாடல்களைக் கொண்டது. ‘தொன்னூல் விளக்கம்’ ஐந்திலக்கணமும் கூறுவது. 1732இல் முடிந்த ‘சதுரகராதி’ பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளையுடையது. நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்து சொற்பொருள் அறிந்த காலத்தில், அகரவரிசையில் சொல்லைத் தேடும் முறையை அது நிலைநாட்டிற்று. அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம், புதிதாக வரும் உடன்துறவியர்க்கு மக்கள் பேசும் தமிழைக் கற்பிக்க எழுதப்பட்டதாகும். அடுத்து அனுப்பப்படுபவர் மொழியறியாமல் இடர்ப்படக்கூடாது என்னும் சபைத்தேவையே அந்நூலை ஈன்றது. 1738இல் அதனை அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி உலூத்தரன் சபையார். சமயக் கொள்கையில் வீரமாமுனிவரோடு கடுமையாக வாதிட்டவர்கள். கொள்கையால் பகைத்தோரும் அவர்தம் இலக்கணமின்றித் தமிழ் கற்க இயலவில்லை போலும்!

சபை இல்லாத ஆண்டுகள்

போர்த்துகல் 1759இலும் பிரான்சு 1764இலும் இயேசு சபையைத் தம் ஆட்சிப்பகுதிகளில் ஒடுக்கின. அரசர்களின் நெருக்குதலுக்கு இணங்கித் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்டு 1773 சூலை 21ஆம் நாள் சபையை முற்றிலும் கலைத்தார். எங்கு அனுப்பினும் செல்வோம் என்று எவருக்கு வாக்களித்தனரோ அவராலேயே சபை கலைக்கப்பட்டது. மதுரை மிஷனில் எஞ்சியிருந்த துறவியர் முதுமையடைந்தனர். அவர்க்குப்பின் அனுப்புவதற்கு எவருமிலர். கர்நாடக மிஷன் 1776இல் பாரிசு வெளிநாட்டு மிஷன் குருக்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவ்வாண்டுகளில் பணி எவ்வாறு பிழைத்தது? உபதேசியார்கள் ஊர்களில் செபங்களைச் சொல்லிக்கொடுத்து, குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்து, இறந்தோரை அடக்கம் செய்து மக்களைக் காத்தனர். நூல்களின் நிலையும் இத்தகையதே. சென்னைக் கல்விச்சங்கத்தைத் தோற்றுவித்த எல்லீசர், வீரமாமுனிவர் நூல்களைத் தேடித் தொகுக்குமாறு புதுவையைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளையை அனுப்பினார். அவரே பின்னர் வீரமாமுனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். ‘சதுரகராதி’ 1824இல் சென்னையில் அச்சேறியது. சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பியிராத காலத்தில் அவர்தம் தமிழ்ச்செல்வத்தைத் தேடிச் சேர்த்தவர் ஒரு தமிழ்ப் பொதுநிலையினர் என்பது நாம் மறக்கலாகாத உண்மையாகும்.

மீண்டும் எழுந்த சபை

திருத்தந்தை ஏழாம் பயசு 1814 ஆகஸ்டு 7ஆம் நாள் சபையை மீட்டெடுத்தார். 1838இல் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பினர். புதிய மிஷனின் பணி பெரிதும் கல்வியைச் சார்ந்தது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்ட புனித சூசையப்பர் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது. பாளையங்கோட்டையில் 1923இல் புனித சவேரியார் கல்லூரியும், சென்னையில் 1925இல் இலயோலாக் கல்லூரியும் தோன்றின.

பழைய உடன்பாடும் கூடவே தொடர்ந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற தேவாலயம், இரு சாதியார் தனித்தனியே அமருமாறு இரு பகுதிகளாக அமைக்கப்பட்டது. 1910இல் அத்தடுப்பை நீக்கியவர்களும் குருக்களே. அதனை எதிர்த்து உயர்நிலை வேண்டியோர் நீதிமன்றம் சென்றனர். தடுப்புடன் கட்டியதும் பின்னர் இடித்ததும் ஒரே சபைதான் என்பதை நோக்கும்போது, ஒழுங்கு என்பது மாறாத கற்பாறையன்று, தன்னைத் திருத்திக்கொள்ளக்கூடியது என்று தெளிகின்றோம். ஆயினும் அத்திருத்தம் மிகவும் காலந்தாழ்ந்தே வந்தது.

1975இல் முடிவுற்ற 32ஆம் பொதுப்பேரவை, நம்பிக்கைப் பணியும் நீதிப்பணியும் பிரிக்கவியலாதவை என்று அறிவித்தது. 1980இல் அன்றைய சபைத்தலைவர் பேத்ரோ அருப்பே அகதிகள் பணி அமைப்பை நிறுவினார். தமிழகத்தில் ஈழத் தமிழ் அகதிகளின் முகாம்களில் கல்விப்பணி செய்த அமைப்புகளுள் அதுவும் ஒன்று. திருச்சி மாவட்டத்தில் பிறந்து சார்க்கண்டுப் பழங்குடியினரிடையே உழைத்த இயேசு சபைக் குரு இசுடேன் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020இல் கைதாகி, தம்மீதான குற்றச்சாட்டை மறுத்தவராய், 2021 சூலை 5ஆம் நாள் காவலில் இருந்தபோதே 84ஆம் அகவையில் மறைந்தார். உயர்குலத்தாரின் நன்மதிப்பை நாடி 1606இல் தொடங்கிய பணி, நிலமிழந்தோரிடம் வந்து சேர்வதற்கு நான்கு நூற்றாண்டுகள் ஆயின.

சிங்கப்பூர்: மரபு வந்த வழி

இயேசு சபைக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. சவேரியார் சீனத்தை நோக்கிச் சென்ற இறுதிப் பயணத்தில், 1552 சூலையில், சிங்கப்பூர் நீரிணையிலிருந்து கடிதங்கள் எழுதியுள்ளார். அவ்வாண்டு திசம்பர் 3ஆம் நாள் அவர் மறைந்தார். எனினும் சபையார் இங்குப் பணியை நிறுவியது 1951இல்தான். ஆங்காங்கிலிருந்து வந்த அயர்லாந்துக் குரு பேட்ரிக் சாய் அதனைத் தொடங்கினார். கிங்சு சாலையில் மாணவர் விடுதியும், 1961இல் புனித இஞ்ஞாசியார் ஆலயமும் எழுந்தன. அப்பணி பெரிதும் ஆங்கிலவழியில் அமைந்ததாகும்.

தமிழ்க் கத்தோலிக்க மரபு இங்கு வந்த வழி வேறு. தமிழகக் கடலோரத்திலிருந்து வந்தோர், சபையாரிடமிருந்து கர்நாடக மிஷனைப் பெற்ற அதே பாரிசு மிஷன் குருக்களின் பொறுப்பில் இருந்தனர். 1870இல் கட்டப்பட்ட புனித பேதுரு பவுல் ஆலயத்தைச் சீனரும் தமிழரும் பகிர்ந்துகொண்டனர். 1888இல் ஓபிர் சாலையில் தமிழர்க்கென லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. சிராங்கூன் சாலையில் வாணிகம் செய்தோர்க்கும் வேலை செய்தோர்க்கும் அஃது அண்மையில் இருந்தது. அவர்கள் சொல்லிய செபங்களின் தமிழ், முத்துக்குளித்துறையிலும் மதுரையிலும் இயேசு சபையார் உள்ளூராரோடு சேர்ந்து உருவாக்கிய தமிழின் வழிவந்ததாகும். சபை தான் வராத ஊருக்கும் தன் மொழிப்பணியை இவ்வாறு பிறர் வாயிலாக அனுப்பியிருந்தது.

கல்வித்துறையிலும் இதுபோன்றதொரு செய்தி உண்டு. புரொயென்சாவின் அகராதி அச்சாகி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, வத்திக்கான் நூலகப் படியைக்கொண்டு மறுபதிப்புச் செய்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். அவர் இயேசு சபையினர் அல்லர், மறைமாவட்டக் குரு. அவர் தலைமையேற்றிருந்த மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்த 1966ஆம் ஆண்டிலேயே அதனை வெளியிட்டது. அம்பலக்காட்டில் அச்சான நூல் மலாயா நாட்டில் மறுபிறப்பு எய்தியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, இயேசு சபையின் தமிழ்ப்பணி தனி அறிஞர் சிலரின் ஆர்வத்தால் மட்டும் விளைந்ததன்று. அனுப்புதல், கற்றல், எழுதுதல், காத்தல் என்னும் ஒழுங்கின் பயனாகவும் விளைந்தது. இரண்டாவது, அதே ஒழுங்கு ஐரோப்பாவின் பிறப்பு வேறுபாட்டையும் தமிழகத்தின் சாதி வேறுபாட்டையும் நெடுங்காலம் தன்னுள் ஏற்றிருந்தது. பண்பாட்டை மதித்தல் என்னும் பெயரால் எவர் விலக்கப்பட்டனர் என்று வினவாமல் அப்பணியைப் பாராட்டுவது முழுமையான ஆய்வாகாது. மூன்றாவது, சபை கலைந்தபோது பணி அழியவில்லை. உபதேசியார், ஏடு தேடியோர், கடல்கடந்தோர் ஆகிய எளிய தமிழர் அதனைக் காத்தனர்.

ஆகவே, கிளமெண்டியிலோ கோலாலம்பூரிலோ இத்துறையில் ஆய்வு செய்ய முன்வரும் மாணவர்கள், வீரமாமுனிவர் எழுதியவை யாவை என்னும் வினாவோடு நின்றுவிடலாகாது. அவருக்கு முன்னோர் விட்டுச்சென்றவை யாவை, அம்முனிவர்களுக்குத் தமிழ் கற்பித்தவர் யாவர், அவர்கள் போன பின் நூல்களையும் மக்களையும் காத்தவர் யாவர் என்னும் வினாக்களையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடைகாணும் சான்றுகள் செண்பகனூர் ஆவணக்காப்பகத்திலும் உரோமையிலும் மடல்களாகவே உள்ளன. தமிழும் போர்த்துகீசியமும் இலத்தீனும் ஒருங்கே அறிந்த தமிழ் ஆய்வாளர் சிலரேனும் உருவாதல் இன்றைய தேவையாகும்.